தண்ணீர் குடித்த சுண்ணாம்பு

உப்பு ஓரத்திலிருந்துதான் உருகும். நடுவில் வெள்ளைக் கட்டி அசையாமல் நிற்க, சட்டியின் விளிம்பைச் சுற்றி முதலில் ஒரு ஈரக்கோடு ஓடும். பார்த்தால் தண்ணீர் என்றுதான் தோன்றும், விரலை வைத்தால் விரல் இருக்காது. கொளஞ்சி உலைக் கதவின் கண்ணாடிப் பொந்து வழியே அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றார். இன்னும் கொஞ்ச நேரம் போனால் கட்டி முழுக்கக் கரைந்து சட்டி நிறையச் செக்கச்செவேலென்று உப்புக் குழம்பாகிவிடும். அதற்குள் இந்தச் சோதனையை நடத்துகிற அந்த அம்மா வந்துவிடும். வந்து முகத்துக்குக் கவசத்தை மாட்டிக்கொண்டு, சுண்ணாம்பை எடுங்கய்யா என்று சொல்லும். சுண்ணாம்பு டப்பா அவர் முதுகுக்குப் பின்னால் மேசைமேல் இருந்தது. மூடி போட்டு, வளையத்தை இறுக்கி, துணியால் துடைத்து அவர்தான் வைத்தார். அதைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று விடிந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார். பார்க்காததாலேயே அது எங்கே இருக்கிறது என்பது இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, கை எட்டாத அந்த ஒரு இடத்தில், முள் குத்தினாற்போல் உறுத்திக்கொண்டே இருந்தது. வெளியே சிமெண்ட் ஆலையின் பெரிய புகைபோக்கி மேகத்தோடு மேகமாகப் புகைவிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் புகையில் ஒரு கையளவைக் குழாய் வழியாக இந்தக் கொட்டகைக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். உருகின உப்புக்குள் சுண்ணாம்பைக் கரைத்து, அதற்குள் புகையைக் கொப்புளிக்கவிட்டால், புகையில் இருக்கிற கெட்ட காற்றைச் சுண்ணாம்பு கவ்விக்கொள்ளும். பிறகு சூட்டைக் கூட்டினால் கவ்வினதைக் கக்கிவிடும். கக்கினதைச் சிலிண்டரில் அடைத்துக்கொண்டு, அதே சுண்ணாம்பை மறுபடி கவ்வவிடலாம். இவ்வளவுதான் வேலை. அந்த அம்மா அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது. வெறும் சுண்ணாம்பாக இருந்தால் கவ்விக் கக்கிக் கவ்விக் கக்கிக் களைத்துப்போய்விடுமாம், உப்புக்குள் கிடந்தால் களைப்பே கிடையாதாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் பிடித்துவைத்துக்கொள்ளுமாம். அப்போது அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அவர் வீட்டுக்காரி பவுனாம்பாள் அவரைப் பற்றிச் சொல்கிறதும் கிட்டத்தட்ட அதேதான்.

பவுனாம்பாள் சொல்லுவாள், “ஒன் நெஞ்சுல வுழுந்தது எதுவும் செமிக்காது, அப்படியே கெடக்கும், ஊறும்” என்று. சொல்லட்டும். இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தவனைச் செமிக்க முடியுமா? சகலை, தன் மகன் கல்யாணத்தில், முதல் பந்தியில் ஒரு இலை காலியாக இருக்கும்போதே, “நீங்க அடுத்த பந்தில ஒக்காருங்க அண்ணே, நம்ம வீட்டு ஆளுதான்” என்று தோளைத் தொட்டுத் திருப்பினான். நம்ம வீட்டு ஆளுதான். அந்தச் சொல்லை எத்தனை வருஷம் மென்றிருப்பார். சகலை செத்தபோது போனார், போகாமல் இருக்க முடியுமா. மாலையும் போட்டார். ஆனால் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, காப்பி கொண்டுவந்த பெண்ணிடம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அந்தப் பெண் சகலையின் மகள், அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அவள் தம்ளரோடு அப்படியே நின்றாள். அந்தத் தம்ளரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. இப்போது எதற்கு அந்தத் தம்ளர். அவர் பொந்திலிருந்து முகத்தை எடுத்துவிட்டுத் துண்டால் நெற்றியைத் துடைத்தார். துண்டில் சுண்ணாம்பு வாடை அடித்தது. அந்த வாடை போகாது. பவுனாம்பாளும் அவரும் கல்யாணம் ஆன புதிதில் சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தபோது படிந்த வாடை. அவள் கல் சுமப்பாள், அவர் தீ போடுவார். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டெடுத்தால் பார்க்கச் சாதுவாக, செத்த எலும்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். ஈரக் கையோடு தொட்டால் கடித்துவிடும். காளவாயில் கூட வேலை பார்த்த அஞ்சாபுலி கண்ணை அதுதான் தின்றது. தொட்டியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே குனிந்து பார்த்தான், கல் வெடித்து ஒரு துளி கண்ணில் தெறித்தது, ஓடி வந்து எண்ணெய் ஊற்று எண்ணெய் ஊற்று என்று கத்தினான், ஊற்றினார்கள், கண் பால் மாதிரி ஆகிவிட்டது. சுட்ட சுண்ணாம்பு பேய். தண்ணீர் குடித்துப் பொரிந்து மாவாகி நீத்துப்போய்விட்டதென்றால் பிறகு அது பசு. வெற்றிலையில் தடவி வாயில் போட்டுக்கொள்ளலாம். சுவருக்கு அடிக்கலாம். காளவாயில் வேலை பார்த்தவன் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான். நீத்த சுண்ணாம்பு யாரையும் ஒன்றும் செய்யாது. நேற்றுச் சாயங்காலம் கொளஞ்சி மனசிலும் அதுதான் இருந்தது. அது மட்டும்தான் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை.

யாரிடம் சத்தியம் பண்ணுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. காற்றடிக்கும் மிஷின் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் ஒரு நன்மை, வாய்விட்டுப் பேசினாலும் யாருக்கும் கேட்காது. “பூசணிக்காய்” என்றார் வாய்க்குள். அதுதான் காரணம். ஆயுத பூசை அன்றைக்குக் கொட்டகையைக் கழுவி, உலைக்குப் பொட்டு வைத்து, மாவிலை கட்டி, எல்லாம் அவர் கையால்தான் செய்தார். காளவாயில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி வந்து கற்பூரம் காட்டலாம், மேஸ்திரி தேங்காய் உடைக்கலாம், ஆனால் தீ வாய்க்கு முன்னால் திருஷ்டிப் பூசணிக்காயைச் சுற்றி உடைக்கிறது தீ போடுகிறவன்தான். ஏனென்றால் வருஷம் முழுக்கத் தீயின் கண் படுகிறது அவன்மேல்தான். அது கூலியில் சேராத ஒன்று. கொளஞ்சி அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குங்குமத்தைக் குழைத்து, பூசணிக்காயில் ஓட்டை போட்டு, சில்லறை போட்டு, எல்லாம் தயாராக வைத்துவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனார். போய்த் திரும்புவதற்குள் அந்த அம்மா, ஜெசிந்தா மேடம், தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெண், அதற்கென்ன தெரியும், வாசலில் நின்ற வாட்ச்மேனைப் பார்த்து, “சிங்காரவேலு அண்ணே, நீங்க ஒடைங்களேன், நல்ல நேரம் முடியப் போகுதாம்ல” என்று சொல்லிவிட்டது. சிங்காரவேலு வெளியே வெயிலில் நிற்கிறவன், உலைச் சூடு எப்படியிருக்கும் என்று தெரியாதவன், பூசணிக்காயைத் தூக்கிச் சுற்றிப் போட்டு உடைத்தான். ஈரக் கையோடு கொளஞ்சி வந்து நின்றபோது சிவப்புச் சோறு மாதிரிச் சதை தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். ஈரக் கை, சத்தமே வரவில்லை.

அதற்குத்தான். அதற்குத்தான் என்று இப்போது உலைக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்க்கும்போது, ஊரே சிரிக்கும் என்று தெரிந்தது. ஆனால் நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் அது சின்னதாக இல்லை. ராத்திரி புரண்டு படுத்தால் அடியில் கிடந்தது, சோற்றில் கை வைத்தால் கல்லாக வந்தது. அந்தப் பெண் காலையில் “சாப்டாச்சாய்யா” என்று கேட்டால், உடைக்கிறதுக்கு வேற ஆளு, சாப்டாச்சான்னு கேக்குறதுக்கு நானா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. தெரியாமல் செய்ததுதான் என்பது முதல் நாளே அவருக்குத் தெரியும். தெரிந்ததுதான் கோபத்தை வளர்த்தது. தெரிந்து செய்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டுச் சண்டை போட்டு முடித்திருக்கலாம், தெரியாமல் செய்தவளிடம் எந்த வாயால் கேட்பது? கேட்டால் அவரல்லவா சின்ன மனுஷன் ஆகிறார். அதனால் கேட்காமல் பெரிய மனுஷனாக இருந்துகொண்டு, நேற்று எல்லோரும் போய், சிங்காரவேலுவும் டீ வாங்கப் போன நேரத்தில், இன்றைக்குப் போடவேண்டிய சுண்ணாம்பு டப்பாவின் வளையத்தைத் தளர்த்தினார். திறந்து வைத்தால் போதும், மழைக் காற்று தானாகக் குடித்துக்கொள்ளும் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு அது போதாது என்று தோன்றியது. வாளியிலிருந்து கையில் தண்ணீரை அள்ளி, வாசல் தெளிக்கிற மாதிரித் தெளித்தார். சுண்ணாம்பு உஸ்ஸென்றது. ஆவி வந்தது. டப்பா சுட்டது. அந்தச் சூட்டில் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், குளிர்காய்கிறவன் மாதிரி. சுகமாக இருந்தது. அதை இப்போது நினைக்கத்தான் உடம்பு கூசியது, தெளித்ததைவிட அந்தச் சுகத்தை நினைக்க. வெந்து அடங்கின சுண்ணாம்பு உப்பிப்போய் டப்பா விளிம்பைத் தாண்டி நின்றது. மிச்சத்தை வழித்துச் சாக்கடையில் கொட்டினார். காலையில் வந்து சல்லடையில் சலித்து, எடையைச் சரிபண்ணி, மூடினார். என்ன ஆகும்? நீத்த சுண்ணாம்பு கெட்ட காற்றைச் சரியாகக் கவ்வாது. மீட்டரில் கணக்கு குறையும். அந்தப் பெண் உதட்டைக் கடிக்கும். மேலே இருக்கிறவர்களிடம் போன் பண்ணி, என்னன்னு தெரியல சார் என்று இழுக்கும். அந்த இழுவையை ஒரு தடவை கேட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு. அவ்வளவுதான். ஒரு நாள் கணக்கு குறைந்தால் உலகம் முழுகிவிடாது.

ஈரக்கோடு அகலமாகியிருந்தது. நடுக்கட்டி சாய்ந்து, தீவு மாதிரி மிதக்கத் தொடங்கியிருந்தது. கலக்குகிற நேரம். கொளஞ்சி சுவரோரம் சாத்தியிருந்த நீளக் கம்பியை எடுத்து, உலைக் கதவை ஒரு சாண் திறந்து, கம்பியின் நுனியை உப்புக்குள் விட்டார். டப் என்று ஒரு சத்தம். ஏதோ பறந்து வந்து கதவுத் தகட்டில் அடித்து வெள்ளைப் பொட்டாக ஒட்டிக்கொண்டது. அவர் கை தானாகக் கம்பியை வெளியே இழுத்தது. ராத்திரி மழையில் கூரைத் தகட்டிலிருந்து சொட்டின தண்ணீர், கம்பியில் ஒரு துளி ஒட்டியிருந்திருக்கும். ஒரு துளி. அதைச் சூட்டில் காட்டிக் காயவைத்துவிட்டுத்தான் உள்ளே விடவேண்டும் என்று முதல் நாளே அந்த அம்மா சொல்லியிருந்தது, அவரும் எப்போதும் அப்படித்தான் செய்வார், இன்றைக்கு மறந்துவிட்டார். உப்புக்குள்ள தண்ணி போகவே கூடாதுய்யா, சட்டுனு ஆவியாகி எல்லாத்தையும் தூக்கி அடிச்சிரும். அந்தக் குரல் இப்போது காதில் கேட்டது. சரி, தண்ணீர் போகக்கூடாது, சுண்ணாம்பில் தண்ணீர் எங்கே இருக்கிறது? காய்ந்த மாவாகத்தானே இருக்கிறது. சலிக்கும்போது தூசு பறந்ததே. கொளஞ்சி கம்பியைப் பிடித்தபடி நின்றார். வாளித் தண்ணீர் எங்கே போயிற்று? சின்ன வயதில் காளவாயில் முதல் முதலாகப் பார்த்தபோது அவருக்கு அந்தச் சந்தேகம் வந்திருந்தது: குடம் குடமாக ஊற்றுகிறார்கள், கடைசியில் மாவு காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் எங்கே என்று. கேட்டபோது, குடிச்சிடுச்சுடா, வயித்துக்குள்ள இருக்கு என்றார் யாரோ. வயிற்றுக்குள் இருக்கிறது. சாதாரணச் சூட்டில் வெளியே விடாது. ஆனால் மேசைமேல் இருக்கிற டப்பாவின் சுண்ணாம்பை, இரும்பே சிவக்கிற இந்தக் குழம்பில் தட்டினால்? ஒரு துளிக்கு டப் என்றது. டப்பா முழுக்க எத்தனை துளி குடித்து வைத்திருக்கிறது. காளவாயில் பசுவாக இருந்தது இங்கே பேய்.   கதவை மூடினார். கம்பியைச் சுவரில் சாத்தப் போய், அது சரிந்து விழுந்து கணீரென்றது.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுண்ணாம்பைத் தட்டினதும் கவசத்தை நெற்றிக்குத் தூக்கிவிட்டு எட்டிப் பார்க்கும். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிடுகிறது, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லும். தூக்காதீங்கம்மா என்று அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பூசணிக்காய்க்கு அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டார். நிறுத்தினதும் வேண்டுமென்றுதான். அஞ்சாபுலியின் பால் கண் அவர் முன்னால் வந்து நின்றது, பிறகு அந்தக் கண் மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. அவர் தலையை உதறினார். சொல்லிவிடலாம். சொல்ல என்ன, ஒரு வார்த்தை: சுண்ணாம்பு நீத்துப்போச்சும்மா. மழைக் காற்று பட்டிருக்கும். மூடி சரியாக இல்லை. யார் மூடினது என்று கேட்டால்? ராத்திரி காவல் யார் என்று அந்த அம்மாவே கேட்கும். சிங்காரவேலுதான். பகலும் ராத்திரியும் வாசலில் அவன்தான், கொட்டகைக்குள் வந்து படுக்கிறதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், பீடி குடித்ததற்கு ஏற்கெனவே ஒரு தடவை கூப்பிட்டு எச்சரித்தார்கள். ஒரு வார்த்தைகூடச் சொல்லவேண்டாம், சும்மா இருந்தால் போதும், பழி தானாகப் போய் அவன்மேல் உட்காரும். நினைத்ததும் நாக்கில் தித்திப்பு ஊறியது. ஊறினதை அவர் கவனித்தார். இந்த வயதில், இந்த நேரத்தில், ஒரு பெண்ணின் முகம் வெந்துபோகுமா போகாதா என்று இருக்கும்போதுகூட, ஊறுகிறது. தூ என்று துப்பத் தோன்றியது, எங்கே துப்புவது.

“என்னா கொளஞ்சியண்ணே, கம்பிய போட்டு ஒடச்சிட்டியளா?” சிங்காரவேலு வாசலில் தலையை நீட்டினான். கையில் டீ பிளாஸ்க். “உப்பு வெந்துச்சா? ஒரு கரண்டி குடுங்க, மத்தியானக் கொழம்புக்கு ஆவும்.” தினமும் இதே வேடிக்கைதான் பேசுவான். தினமும் கொளஞ்சி காது கேட்காதவர் மாதிரி இருப்பார். இன்றைக்குத் திரும்பிப் பார்த்தார். “மூஞ்சி ஏன் பேயறஞ்ச மாரி இருக்கு? டீ ஊத்தட்டா?” என்று அவன் ஊற்றினான். பிளாஸ்டிக் கப் மெலிசு, சுட்டது. வாங்கிக் குடித்தார். சிங்காரவேலுவின் டீயை அவர் குடித்தது ஆயுத பூசைக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. அது அவனுக்கும் தெரிந்திருக்கும்போல, பிளாஸ்க் மூடியை மெதுவாகத் திருகினான். பிறகு, “மேடம் வந்தாச்சு, வண்டி சத்தம் கேக்குது. இன்னைக்கு மேலருந்து ஆளு வர்றாங்களாம், மத்தியானம். கணக்கு நல்லா வந்தா ஒங்களுக்கும் எனக்கும் பிரியாணியாம்” என்று சிரித்துவிட்டுப் போனான். இவனையா. இவன்மேலா போடப் பார்த்தாய் என்று அவர் தன்னையே கேட்டார். கேட்டதற்குப் பதிலாக, ஏன், பூசணிக்காயை வாங்கும்போது அவன் யோசித்தானா என்று உள்ளே இருந்த அந்தப் பழைய குரல் சொன்னது. அதற்கு வெட்கமே இல்லை. அது வீடு எரியும்போதும் இரண்டாம் பந்தியைப் பற்றித்தான் பேசும்.

ஜெசிந்தா ஈரக் குடையை வெளியே கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தாள். “குட்மார்னிங்யா. உருகிட்டா? அடடே, முழுசா உருகிட்டு.” குனிந்து பொந்தில் பார்த்தாள். பின்கழுத்தில் மழைத்துளி இருந்தது. “எங்கூர்ல உப்பு வெயில்ல காயும், இங்க உப்ப அடுப்புல காய்ச்சுதோம். எங்க அம்மாட்ட சொன்னா, பைத்தியமா புடிச்சிருக்குங்கா.” அவள் பேசிக்கொண்டே கையுறையை மாட்டினாள், முகக்கவசத்தை எடுத்துத் தலையில் செருகினாள், மூக்குக் கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்தாள். அவருக்கு முதுகு காட்டிக்கொண்டே இதையெல்லாம் செய்தாள், ஒரு பயமும் இல்லாமல். தினமும் அப்படித்தான் முதுகைக் காட்டுவாள். அதை அவர் இன்றைக்குத்தான் பார்த்தார். “அந்த டப்பாவ எடுங்கய்யா.” கொளஞ்சி எடுத்தார். கனமில்லை. அப்போது அவருக்கு ஒரு வழி தெரிந்தது. நாமே போட்டுவிடலாம். தெறித்தால் நம்மேல் தெறிக்கட்டும். யாருக்கும் எதுவும் சொல்லவேண்டாம். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக் கிடந்தால் அந்தப் பெண் பழம் வாங்கிக்கொண்டு வரும், சிங்காரவேலு வருவான், பாவம் இந்த வயசுல உலைக்கு முன்னால நின்னு என்று எல்லோரும் சொல்லுவார்கள். நினைப்பு ஒரு நொடியில் கட்டில், தலையணை, ஆரஞ்சுப் பழம் வரைக்கும் போய்விட்டது. வெந்துபோவதில்கூட ஒரு லாபத்தைத் தேடுகிற மனசு. “நான் போடுறம்மா இன்னைக்கு” என்றார்.  “நீங்க வெளிய போயி நில்லுங்க.” ஜெசிந்தா சிரித்தாள். “நீங்க போடுங்க, அது நல்லதுதான். ஆனா நான் ஏன் வெளிய போணும்? நுரைக்குதா இல்லையான்னு பக்கத்துல நின்னு பாத்தாத்தான எழுத முடியும்?” “பொகை ஜாஸ்தியா இருக்கு.” “எங்க பொகை?” என்று சுற்றிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, உலைக் கதவின் கைப்பிடியைப் பிடித்து முழுக்கத் திறந்தாள். சூடு வந்து இருவர் முகத்திலும் மோதியது. சட்டி நிறைய உப்பு செம்பருத்தி நிறத்தில் அசையாமல் நின்றது. அவள் கண்ணாடியில் அப்போதே ஆவி படியத் தொடங்கிவிட்டது. கை கவசத்தின் விளிம்புக்குப் போனது.

“போடாதீங்க.” அவர்தான் டப்பாவை வைத்திருந்தார், போடுகிறவரும் அவர்தான், ஆனாலும் அப்படித்தான் வாயில் வந்தது. “போடாதீங்கம்மா. கதவ மூடுங்க.” அவள் மூடினாள். கேள்வி கேட்காமல் முதலில் மூடினாள், பிறகுதான், “என்னாச்சு?” என்றாள். “சுண்ணாம்பு நீத்துப்போச்சு. ஈரம். உள்ள போட்டா தெறிக்கும்.” அவள் டப்பாவை வாங்கி, வளையத்தைத் தளர்த்தி, ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேய்த்தாள். “ஆமா. பொலபொலன்னு இருக்கு. அய்யய்யோ.” முகம் வெளுத்தது. “நேத்து நான்தான் கடைசியா பாத்தேன். வளையத்தச் சரியா இறுக்கலையோ? இல்ல, சிங்காரவேலு அண்ணன் எதுக்காச்சும் தெறந்தாங்களா?” இரண்டு கதவை அவளே திறந்து வைத்துவிட்டாள். ஒன்றில் அவளே குற்றவாளி, இன்னொன்றில் வாட்ச்மேன். எதில் வேண்டுமானாலும் நுழைந்து வெளியே போய்விடலாம். கொளஞ்சி தரையைப் பார்த்தார். தரையில் ஒன்றும் இல்லை. “தண்ணி தெளிச்சேன்” என்றார். “யாரு?” “நான்.” “தெரியாம பட்டுட்டா?” “இல்லம்மா.” காற்று மிஷின் இரைந்தது. ஜெசிந்தா கவசத்தை முழுக்கத் தூக்கிவிட்டு அவரைப் பார்த்தாள். “ஏன்யா?” என்றாள்.

ஏன். அதற்குத்தான் அவரிடம் இத்தனை நாள் பதில் இருந்ததே. படுத்தால் எழுந்தால் அதைத்தானே வைத்திருந்தார். இப்போது எடுக்கப் போனால் கை வைக்க இடமில்லாமல் குறுகிக்கொண்டே போயிற்று. கூலி குறைவு என்று சொல்லலாமா, வயசுக்கு மரியாதை இல்லை என்று சொல்லலாமா, பெரிய காரணமாக ஒன்று வேண்டும். ஒரு மனுஷியின் முகத்துக்கு ஈடாக வைக்கிற அளவுக்குப் பெரியதாக. ஒன்றும் கிடைக்கவில்லை. “பூசணிக்காய்” என்றார். “என்ன?” “பூசணிக்காய்.” “கேக்கலய்யா, சத்தமாச் சொல்லுங்க,” காதைக் காட்டிச் சாய்ந்தாள். மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்தவேண்டியிருந்தது. “பூசணிக்காய! ஆயுத பூசைக்கு! சிங்காரவேலு கையில குடுத்திட்டீங்க! அது தீ போடுறவன்தான் ஒடைக்கணும்!” கத்தி முடித்ததும் மூச்சு வாங்கியது. வாசலில் சிங்காரவேலு நின்றுகொண்டிருந்தான், எப்போது வந்தானோ. அவன் எப்போதும் போல ஏதாவது வேடிக்கை பேசுவான் என்று கொளஞ்சி காத்திருந்தார், பேசினால் நன்றாக இருக்கும், பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும். அவன் பிளாஸ்கைக் கீழே வைத்தான். ஜெசிந்தாவும் சிரிக்கவில்லை. “அது எனக்குத் தெரியாதேய்யா” என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது அவள் கை தானாகப் போய்க் கன்னத்தைத் தொட்டது, தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கியது. பிறகு உலைச் சூட்டைக் குறைக்கிற விசையை அவளே திருப்பினாள். தினமும் அது அவர் வேலை. “நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க.”

வெளியே சிலிண்டர் இறக்கி வைக்கிற சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தார். மழை விட்டிருந்தது. உள்ளே அவள் போனில் பேசுவது விட்டுவிட்டுக் கேட்டது. “சுண்ணாம்புல ஈரம் பட்டிருக்கு சார்… இல்ல சார், இன்னைக்கு ஓட்ட முடியாது… மத்தியானம் வரவேண்டாம்னு சொல்லிருங்க சார்… எப்படின்னு பாக்குதேன் சார்.” அந்த இழுவைதான். கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்ட அதே இழுவை. பெயரைச் சொல்லவில்லை. சொல்லுவாள், இப்போது இல்லாவிட்டால் சாயங்காலம் சொல்லுவாள், வேலையை விட்டு நிறுத்துவார்கள். நிறுத்தட்டும். நேற்று வந்த பெண் ஒன்று, இத்தனை வருஷம் தீயில் வெந்தவனை, ஒரு வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பியது என்று பவுனாம்பாளிடம் சொல்லலாம். அந்த வாக்கியம் பாதி வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. மீதியைச் சொல்ல முயன்றபோது அஞ்சாபுலியின் கண்ணும் துப்பட்டாவில் துடைத்த கண்ணாடியும் குறுக்கே வந்தன. வாக்கியம் மேலே ஓடவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. இப்படி ஒரு தடவைகூட ஆனதில்லை அவருக்கு. யாரைப் பற்றி நினைத்தாலும் கடைசியில் அவர்கள்தான் குற்றவாளியாக முடிவார்கள்.

ஜெசிந்தா வாசலுக்கு வந்தாள். எப்போதும் பக்கத்தில் வந்து நின்று பேசுகிறவள், இன்றைக்கு நிலைப்படியிலேயே நின்றாள். கண்ணாடி கையில் இருந்தது. “நாளைக்கு நீங்க வரணுமா வேண்டாமான்னு எனக்கே தெரியலய்யா. யோசிச்சுட்டுச் சொல்லுதேன். சொன்னதுக்கு…” என்று நிறுத்தினாள். அவர் தலையாட்டினார். பேச வாயெடுத்தார், எழுந்திருக்கத் தோன்றி முழங்காலில் கை ஊன்றினார். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். அவளுக்கே தெரியாமல் வைத்திருப்பாள். வைத்ததும் அவள் முகம் சிவந்தது, வயசானவரைப் பார்த்துப் பயந்துவிட்டோமே என்று கூசினாள்போல. திரும்பி உள்ளே போகும்போது முதுகை முழுக்கக் காட்டாமல், தோளுக்கு மேலாக ஒரு தடவை அவரைப் பார்த்துக்கொண்டே போனாள். கொளஞ்சி எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து பார்த்தால் தெரியும்படி திட்டின் இந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டு, அவை அசையாமல் இருக்கின்றனவா என்று பார்த்தபடி இருந்தார்.